பேர் சொல்லிக் கேட்ட வேலை

கோவிலில் பூசை முடிய எழுந்து நின்று, இறைவன் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும்படி என்னைப் பலமுறை கேட்டுவிட்டார்கள். எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். பிழை இருந்தால் என்னுடையது. நல்லது இருந்தால் இறைவனுடையது.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலம் அது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. கப்பலோடு வேலையும் போனது. என் கணவர் கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் படங்கு தைக்கிறவர். கப்பலின் மேல்தட்டில் வெயிலுக்குக் கட்டுவார்களே, மழைக்குச் சரக்கை மூடுவார்களே, அந்தத் தடித்த கன்வஸ் சீலைதான் படங்கு. அதை விரலால் தைக்க ஏலாது. உள்ளங்கையில் ஒரு தோல்பட்டை மாட்டி, அதில் பதித்த இரும்புப் பொட்டினால் ஊசியைத் தள்ளித் தைக்க வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய வலது கையில் அந்தத் தோலின் மணத்தைத்தான் நான் அறிவேன்.

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரையும் நிற்பாட்டினார்கள். அவரைப் போல எத்தனையோ பேரை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி என்பதே இல்லை. வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு நின்றுவிட்டது. ஆனால் சங்கு ஊதும் நேரத்துக்கு அவர் எழும்பிவிடுவார். காக்கிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு டொக்யாட் வாசலுக்குப் போவார். அங்கே இவரைப் போலவே ஒரு கூட்டம் நிற்கும். இன்றைக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம் என்று ஒருவர் சொல்லுவார். நாளைக்காம் என்று இன்னொருவர் சொல்லுவார். மத்தியானம் திரும்பி வருவார். வந்தவருக்குக் கை சும்மா இருக்காது. அலுமாரிக் கதவைக் கழற்றிப் பூட்டுவார். பூட்டியதைத் திரும்பக் கழற்றுவார். தலையணைகளைப் பிரித்துத் தைத்தார். அயலவரின் குடைகளையெல்லாம் வாங்கி வந்து தைத்தார். மகள் பிலோமினாவின் புத்தகப் பையை இரட்டைத் தையல் போட்டு இறுக்கியதில் புத்தகம் உள்ளே போகவில்லை. பிள்ளை அழுதாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டில் தைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு கிணற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கோவிலில் பூசை முடிய, ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். நேர்ச்சை வைத்தவர்கள் கூடையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நானும் கொடுத்தவள்தான். அந்த வருஷம் என் இரண்டு பிள்ளைகளும் வாங்குகிற பக்கத்தில் நின்றார்கள். நான் புனிதரின் சுரூபத்துக்குப் பின்னால் மறைந்து நின்றேன்.

அந்தச் சுரூபம் யாருடையது என்று சொல்ல வேண்டும். காணாமற்போனதைத் தேடித் தருகிற புனிதர். என் கணவருக்கும் அவருடைய பெயர்தான். எங்கள் காலத்தில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று என் தாய் சொல்லி வளர்த்தா. ஆஸ்பத்திரியிலோ பங்கீட்டு அரிசி வாங்கும் சங்கக்கடையிலோ அவருடைய பெயரைக் கேட்டால், கூட வந்த மகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவள் சொல்லுவாள். புனிதரையும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. "கோடி அற்புதரே" என்றுதான் கூப்பிடுவேன். என் மன்றாட்டிலும் என் கணவரின் பெயர் இராது. "கோடி அற்புதரே, எங்கட வீட்டுக்கு ஒரு வேலை தாரும்." ஒவ்வொரு செவ்வாயும் இவ்வளவுதான் கேட்டேன்.

சரக்கு இறக்கும் துறையில், அரிசியும் மாவும் இறக்குகிற ஒரு ஒப்பந்தக்காரர் நாட்கூலிக்கு ஆள் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"வரிசையில நிண்டு கையை நீட்டவோ? நான் டொக்யாட்டில நிரந்தரமா நிண்டவன்."

"அந்த டொக்யாட் இப்ப எங்க?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது வேறு ஒரு முடிவோடு வந்தார்.

"கொழும்புத் துறைமுகத்துக்குப் போறன். திருநாள் முடிய வெளிக்கிடுறன்."

எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து கொழும்புக்குப் போன ஆண்களை எனக்குத் தெரியும். முதலில் கடிதம் வரும். பிறகு கடிதம் நிற்கும். பிறகு அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் வேலை போன மனுஷன் எப்படிப்பட்டவர் என்று அவருக்கே தெரியாமல் இருந்த காலம் அது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவருக்கு இந்த ஊரிலேயே வேலை கிடைக்க வேண்டும்.

ஆனி மாதத்தில் புனிதரின் திருநாள் முடிந்தது. அவர் வெளிக்கிடுமுன் வந்த அடுத்த செவ்வாய்ப் பூசையிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சரக்குத் துறைக்குப் போனேன். அவருக்குச் சொல்லவில்லை. பிலோமினா பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

அங்கே ஒரு பெட்டிக்கு மேல் ஏறி நின்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஆட்களைப் பொறுக்கி எடுக்கிற மேற்பார்வையாளர். எல்லாரும் அண்ணன் முறையில் காசிம் நானா என்று கூப்பிட்டார்கள்.

"ஆம்புளைகள் அந்தப் பக்கம்! பொம்புளைகள் இந்தப் பக்கம்! தள்ளாதீங்க, இது கந்தூரியில பங்கிடுற சோறா?"

புருஷனுக்கு வேலை கேட்க வந்த பெண்களுக்கு இந்தப் பக்கம் என்று நினைத்து நானும் போய் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன தங்கச்சி, வேலைக்கா?"

"ஓம். எங்கட வீட்டுக்கு ஒரு வேலை."

"பேரு?"

வாய் திறந்தது. பெயர் வரவில்லை. பக்கத்தில் பார்த்தேன். தட்டுவதற்கு மகளின் முதுகு இல்லை. எங்களைத் தெரிந்த ஒரு முகமும் இல்லை.

"எங்கட கோடி அற்புதரின்ர பேர்தான்" என்றேன்.

"அது ஆரு?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் நெருப்பாய் எரிந்தது.

"அல்லாவே, பின்னால எவ்வளவு சனம் நிக்கிது. ஒங்கட பேரையாவது சொல்லுங்க புள்ள."

"றெஜினா."

வேலைக்கு அடையாளமான ஒரு பித்தளைத் தகட்டை என் கையில் வைத்தார். "சாக்குப் பந்தலுக்குப் போங்க. அடுத்த ஆளு!"

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கோடி அற்புதரே, நான் இதையோ கேட்டது? அவருக்கல்லவா கேட்டேன்? திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. கொடுத்தால் அடுத்தவளுக்குப் போய்விடும். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று நினைத்து உள்ளே போனேன்.

கப்பலிலிருந்து மூட்டைகள் தோணியில் வந்து இறங்கும். தூக்குகிறவர்களின் கொக்கி பட்டுச் சாக்கு கிழியும். லொறி ஏற்றுவதற்குள் நாங்கள் அந்தக் கிழிசலைத் தைக்க வேண்டும். தகரப் பந்தலுக்குக் கீழே பெண்கள் வரிசையாய் இருந்து தைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் சாம்பல்தீவிலிருந்து வருகிற பாக்கியமக்கா. வாய்க்காரி.

"என்ன பிள்ளை, ஊசியைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாய்?"

"பழக்கமில்லை அக்கா."

"பழக்கமில்லையெண்டால் ஏன் வந்தனீ? புருஷன் என்ன செய்யிறார்?"

"படங்கு தைக்கிறவர்."

"அவருக்குத் தையல் தெரியும், நீ தைக்க வந்திருக்கிறாய். நல்ல குடும்பம்!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. பொழுது சாயும்போது என் விரல்களெல்லாம் கிழிந்து சணல் நூலில் இரத்தம் இருந்தது.

வீட்டுக்குப் போனேன். அவர் குசினி வாசலில் இருந்து மண்ணெண்ணெய் அடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கையைச் சேலைக்குள் மறைத்தேன். கண்டுவிட்டார்.

"என்ன கை இது?"

சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது.

"ஆரிட பேரைக் குடுத்தனீ?"

"என்ர பேரை."

"ஏன், என்ர பேரைக் குடுக்கேல்லையோ?"

"நான் என்னெண்டு அதைச் சொல்லுறது?"

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்புக் கேட்டது! பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தார்கள். ஆனால் சிரிப்பு நிற்க, அவர் எழும்பிப் போய்க் கிணற்றைச் சுற்றி நடந்தார். நடந்துகொண்டே இருந்தார். நான் விளக்கை ஏற்றிவிட்டு அவருடைய காலடிச் சத்தத்தைக் கேட்டபடி செபமாலை சொன்னேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் அந்தத் தோல்பட்டை இருந்தது. என் கையைப் பிடித்து அளவு பார்த்தார். கத்தியை எடுத்து வெட்டினார். அவர் கைக்கு இனி அது வராது என்று தெரிந்தே வெட்டினார். என் கைக்கு அளவாய்த் தைத்து மாட்டிவிட்டார்.

"ஊசியை விரலால தள்ளாத. உள்ளங்கையால தள்ளு. தோளிலயிருந்து வரவேணும். ஓம், அப்பிடித்தான்."

ஒரு பழைய சாக்கை எடுத்து என்னைத் தைக்க வைத்தார். பிழை விட்டால் பிரித்தார். அவருடைய கை பதறாமல் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். கொழும்புப் பயணம் என்ன என்று கேட்கப் பயமாக இருந்தது. அவரே சொன்னார்: "உன்ர கை பழகட்டும். பிறகு போறன்."

என் கை பழகாமல் இருக்க வேண்டும் என்று மன்றாடினேன். அது மட்டும் கேட்கப்படவில்லை. விரைவாகப் பழகிவிட்டது. அவர் வெளிக்கிட்ட போதெல்லாம் பிள்ளைகளைக் காட்டி மறித்தேன்.

நான் வேலைக்குப் போனேன். அவர் சமைத்தார். சோறு குழையும், கறி எரியும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றார்கள். டொக்யாட் வாசலில் நின்றவர்கள் அவரைப் பகிடி பண்ணினார்கள். "உனக்கென்னடாப்பா, பெண்சாதி உழைக்கிறா. நீ இஞ்ச ஏன் நிக்கிறாய், வெயிலில கறுத்துப் போவாய்." இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, பிலோமினா கேட்டு வந்து சொன்னாள். அவர் மறுபடி அலுமாரிக் கதவைக் கழற்றத் தொடங்கினார். நான் உழைத்துக் கொண்டுவந்த சோற்றை அவர் பாதியில் தள்ளி வைத்தார். நானும் தள்ளி வைத்தேன். வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அவருக்கு வரவில்லை. எங்கட வீட்டுக்கு என்று கேட்டேன், வீட்டுக்குத் தந்தார். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறக்க வாடைக்காற்று தொடங்கியது. அவர் ஒரு கன்வஸ் பையில் உடுப்பையும் ஊசிகளையும் மெழுகையும் நூலையும் போட்டுக் கட்டினார். தனக்கென்று ஒரு புதுத் தோல்பட்டையும் தைத்துக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குப் போறன். இந்த முறை மறிக்காத."

நான் மறிக்கவில்லை.

ஞாயிறு வருமுன்னே, அந்தக் கிழமையே மழை வந்தது. சும்மா மழை இல்லை. கடலும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. மா இறக்குகிற கப்பல் துறைக்கு வெளியே நின்றது. தோணிகளை மூடியிருந்த படங்குகளைக் காற்றுப் பிய்த்துவிட்டது. முதல் தோணியில் வந்த மா கூழாய்ப் போனது. காசிம் நானா நனைந்துகொண்டே பந்தலுக்குள் ஓடி வந்தார்.

"படங்கெல்லாம் தோரணமாக் கிழிஞ்சு கிடக்கு. இத தைக்க ஏலுமா ஒங்களால?"

பாக்கியமக்கா முயன்று பார்த்தா. சாக்கு ஊசி வளைந்தது. இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, போட்ட தையல் அப்படியே பிய்ந்து வந்தது.

காசிம் நானா தலையில் கை வைத்தார். "அப்ப ஒண்டும் செய்ய ஏலாது. படங்கு இல்லாம ஒரு மூட்டையும் இறக்கமாட்டாங்க. கப்பலத் திருப்பிருவாங்க. மாரி முடியுமட்டும் வேலையில்ல. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாக்கியமக்காவுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் கடலில் மாண்டவர். பந்தலுக்கு வெளியே ஆண்கள் தகடுகளைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கோடி அற்புதரே என்று மனதுக்குள் தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. எழும்பி நின்றேன். எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நானாக எழும்பவில்லை. எழுப்பப்பட்டேன். அவ்வளவுதான் சொல்லுவேன்.

"எங்கட வீட்டில ஒருத்தர் இருக்கிறார். டொக்யாட்டில படங்கு தைச்சவர்."

காசிம் நானா திரும்பினார். "என்ன புள்ள, இவ்வளவு நாளாச் சொல்லல்ல? இப்ப எங்க அவரு?"

"டொக்யாட் வாசலில நிப்பார்."

"அங்க நூறு பேர் நிப்பாங்களே. ஆள் அனுப்புறன். என்னெண்டு கூப்பிடுறது?"

றெஜினாவின் புருஷன் என்று கூப்பிடச் சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அப்படிக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். செத்தாலும் வரமாட்டார். எனக்குத் தெரியும்.

"பேரச் சொல்லுங்க தங்கச்சி!"

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெல்லச் சொன்னால் கேட்காது.

"அந்தோனிப்பிள்ளை!" என்று கத்தினேன். "படங்குகாரன் அந்தோனிப்பிள்ளை எண்டு கூப்பிடுங்கோ!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு பாக்கியமக்கா சொன்னா: "அடியே, உனக்கு வாயும் இருந்ததோ?"

நான் சாக்கின் மேல் குந்திவிட்டேன். அவருடைய ஆயுளில் ஒரு துண்டை வெட்டிவிட்டேனோ என்று பயந்தேன். ஆண்டவரே, வெட்ட வேண்டுமென்றால் என்னுடையதில் வெட்டும் என்று சொன்னேன்.

அவர் ஓடி வந்தார். மழையில் நனைந்து, இடையில் வீட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டிய அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் என்னைப் பார்க்கவில்லை. படங்கைப் பார்த்தார். கிழிந்த ஓரத்தைத் தடவினார். பையைப் பிரித்துக் கொழும்புக்கு வைத்திருந்த ஊசியை எடுத்தார்.

"ரெண்டு பேர் இழுத்துப் பிடியுங்கோ. இன்னும் ஆள் வேணும் நானா. என்னோட நிண்ட பொடியள் வாசலில நிக்கிறாங்கள்."

"கூப்பிடுங்க! எல்லாரையும் கூப்பிடுங்க!"

அவரைப் பகிடி பண்ணிய இரண்டு பேரின் பெயரைத்தான் அவர் முதலில் சொல்லி அனுப்பினார். பின்னேரம் முதல் தோணி நல்ல படங்கின் கீழ் நனையாமல் வந்தது. தகட்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் மறுபடி வாங்கினார்கள். காசிம் நானா அவரிடம், "நாளைக்கும் வாங்க. மாரி முழுக்க வாங்க. கோடையிலயும் கிழியும்" என்றார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால்.

"என்ர பேரைச் சொன்னியாம்."

"ஓம்."

"எப்பிடிச் சொன்னனீ?"

"சத்தமாத்தான்."

"இன்னொருக்காச் சொல்லு பாப்பம்."

"சும்மா போங்கோ."

அந்த ஞாயிறு ரயில் அவர் இல்லாமல் போனது. அடுத்த செவ்வாய் நான் பாண் கூடையோடு கோவிலுக்குப் போனேன். என் பிள்ளைகள் கொடுக்கிற பக்கத்தில் நின்றார்கள்.

அன்பானவர்களே, அவருடைய ஆயுள் குறையவில்லை. அந்தத் துறையிலேயே தலை நரைக்கும்வரை படங்கு தைத்தார். பேரப்பிள்ளைகளைக் கண்டார். போன மாரிக்கு முந்திய மாரியில், என் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்ணை மூடினார். அவருடைய ஆத்துமத்துக்குப் பூசை கொடுக்கப் போனபோது பெயரைக் கேட்டார்கள். பிலோமினா வாயைத் திறக்கமுன் நான் சொல்லிவிட்டேன்.

இப்பொழுது மறுபடியும் வேலை கேட்டு வாசல்களில் பிள்ளைகள் நிற்கிறார்கள். படித்த பிள்ளைகள். மா இப்போது மூட்டையில் வருவதும் குறைந்துவிட்டது, சாக்குத் தைக்கிற பந்தலும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளைகளை நான் காண்கிறேன். என் பேரனும் அதில் ஒருவன். அந்தக் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். கேட்டால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அதனால்தான் இதை எழுதினேன். நாம் வெட்கப்பட்டுப் பாதி சொல்லிக் கேட்டாலும் இறைவன் தருகிறார். ஆனால் வாய் திறந்து சொல்லுகிற துணிவையும் சேர்த்துத் தர அவருக்கு விருப்பம். நான் இப்போது எங்கட வீட்டுக்கு என்று கேட்பதில்லை. பேரனின் பெயரைச் சொல்லுகிறேன். எதிர்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லுகிறேன். பாக்கியமக்காவின் பேத்தியின் பெயரையும் சொல்லுகிறேன். அந்தோனியாரே என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமைப் பூசை முடிய, பாண் கூடையோடு கோவில் வாசலில் நிற்பேன். உங்கள் வீட்டில் வேலையில்லாமல் இருப்பவரின் பெயரை வந்து என்னிடம் சொல்லுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். வெட்கப்படாதேயுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எனக்கு இப்போது காது மந்தம்.